இரவில் சைக்கிள்: வண்டிக்காரர் கண்ணில் படுவது எப்படி?

இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளி, விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கேனோடு கிளம்புகிறவர், பேப்பர் போடும் பையன், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போகும் விவசாயி, டியூஷன் முடிந்து வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், கேனில் டீ விற்பவர். தமிழ்நாட்டில் இருட்டில் சைக்கிள் மிதிப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களில் பலருடைய சைக்கிளில் விளக்கே கிடையாது. கேட்டால், "பழகின ரோடுதானே, எனக்கு நல்லாத் தெரியுது" என்பார்கள். ரோடு அவருக்குத் தெரிகிறது, சரி. பின்னால் வரும் லாரிக்காரருக்கு அவர் தெரிகிறாரா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று புரிந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால்கூட மொத்தம் 45 மீட்டர். ஈர ரோடும் லோடு ஏற்றிய லாரியும் என்றால் இன்னும் கூடும். ஆனால் டிம் லைட்டில் வரும் டிரைவருக்குக் கறுப்புச் சட்டைக்காரர் 30, 40 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படுவார். அப்போது அவர் என்ன செய்தாலும் வண்டி நிற்காது. கீழே உள்ள குறிப்புகள் எல்லாமே அந்தத் தூரத்தைக் கூட்டுவதற்காகத்தான். எல்லாவற்றையும் செய்து முடிக்க ஆகும் செலவும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

1. ஒரே ஒரு விளக்கு வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால், பின்பக்கச் சிவப்பு விளக்கை வாங்குங்கள். பலரும் முன் விளக்கைத்தான் முதலில் வாங்குகிறார்கள், பாதை தெரிய வேண்டுமே என்று. எதிரே வரும் வண்டியை நாம் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் வருவதை நாம் பார்க்கவே முடியாது, அவர்தான் நம்மைப் பார்த்தாக வேண்டும். தெரு விளக்கில்லாத கிராமத்து ரோட்டிலும் மாவட்டச் சாலையிலும் இது இன்னும் முக்கியம்.

2. சிவப்பு விளக்கை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் மாட்டினால் கேரியரில் வைத்த பை மறைத்துவிடும். நீளமான சட்டை, புடவைத் தலைப்பு, துப்பட்டா, மழைக்கோட்டு எல்லாமே மறைக்கும். கேரியர் உள்ள சைக்கிளில் கேரியரின் பின் விளிம்பிலோ மட்கார்டிலோ மாட்டுவதே நல்லது. மாட்டிவிட்டு, வழக்கமாக எடுத்துப்போகும் சாமான்களோடு ஒருவரை உட்காரச் சொல்லிப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். விளக்கு ஆகாயத்தையோ தரையையோ பார்க்காமல் நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் தூரத்தில் இருப்பவருக்கு வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிடும்.

3. விட்டுவிட்டு மின்னும் விளக்கா, நின்று எரியும் விளக்கா? மின்னும் விளக்கு சட்டென்று கண்ணை இழுக்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று டிரைவரால் சரியாக மதிப்பிட முடியாது. நின்று எரியும் விளக்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மனியில் சைக்கிளில் மின்னும் விளக்குக்கு அனுமதியே கிடையாது. பிரிட்டனில் 2005 முதல் அனுமதிக்கிறார்கள். என் அபிப்பிராயம்: இரண்டு விளக்கு இருந்தால் ஒன்றை மின்ன விடுங்கள், மற்றதை நின்று எரிய விடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், ரோட்டில் வேறு வெளிச்சமே இல்லாத இடத்தில் நின்று எரியட்டும். கடைத்தெரு போல விளக்குகள் நிறைந்த இடத்தில் மெதுவாக மின்னட்டும். படபடவென்று அடிக்கும் மோடு எங்கேயும் வேண்டாம்.

4. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இதை மாற்றவே கூடாது. அலங்காரத்துக்காக ஹேண்டில்பாரில் சிவப்பு எல்.ஈ.டி. கட்டுகிறார்கள் பிள்ளைகள். எதிரே வருபவர் சிவப்பைப் பார்த்தால் அது தனக்கு முன்னால் போகும் வண்டி என்று நினைப்பார்.

5. முன் விளக்கின் நடுவெளிச்சம் ஐந்தாறு மீட்டருக்கு முன்னால் ரோட்டில் விழும்படி சாய்த்து வையுங்கள். பள்ளமும், பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரும் அப்போதுதான் தெரியும். இப்போது வரும் எல்.ஈ.டி. டார்ச்சுகள் பொல்லாத வெளிச்சம். நேராக எதிரே வருபவர் கண்ணில் அடித்தால் அவர் சில நொடிகள் எதையுமே பார்க்க முடியாமல் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில் அவர் வண்டி நம் பக்கம்தான் வரும்.

6. செல்போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஒரு கை பிரேக்கில் இருக்காது. வாயில் கவ்விக்கொண்டு ஓட்டுபவர்களும் உண்டு, பள்ளத்தில் இறங்கினால் பல் போய்விடும். வயலுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டும் டார்ச் பரவாயில்லை. ஆனால் தலையைத் திருப்பினால் வெளிச்சமும் கூடவே திரும்பிவிடும் என்பதால், சைக்கிளில் நிலையாக ஒரு விளக்கு இருந்துவிட்டு அதற்கு மேல் அது இருக்கட்டும்.

7. டைனமோவைப் பழசு என்று தள்ள வேண்டாம். சார்ஜ் போட வேண்டாம், பேட்டரி வாங்க வேண்டாம். ஒரு காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்தி அபராதம் போட்டதால், ஊரில் பாதி சைக்கிளில் டைனமோ இருந்தது. இன்று அந்தப் பயமும் போய்விட்டது, டைனமோவும் போய்விட்டது, ரோட்டில் வண்டிகளின் வேகம் மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது. டைனமோவுக்கு இரண்டு குறைகள் உண்டு. சக்கரம் நின்றால் விளக்கும் நின்றுவிடும், மழையில் டயரில் பிடிக்காமல் வழுக்கும். அதனால் டைனமோ வைத்திருப்பவர்களும் பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி விளக்கு வைத்துக்கொள்வது நல்லது.

8. சார்ஜ் போடும் விளக்கு என்றால், அதற்கென்று ஒரு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பின் விளக்கு நம் கண்ணுக்குப் படாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு நாள் வழியில் அணைந்துவிட்டாலும் தெரியாது. கிளம்பும் முன் உள்ளங்கையைப் பின் விளக்கின் முன்னால் காட்டுங்கள், கை சிவப்பாகத் தெரிந்தால் எரிகிறது.

9. விளக்குக்கு அடுத்தது ரிஃப்ளெக்டர். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் புரியும். உள்ளே பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ, மூலை மூலையாக வெட்டிய பிளாஸ்டிக் பட்டைகளோ இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறதோ, அதே பக்கம் அது திரும்பிப் போகும். கார் ஓட்டுபவரின் கண் ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் அவருக்குப் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் நடந்து போகிறவருக்கு அது மங்கலான ஒரு பிளாஸ்டிக் துண்டுதான்.

லாரி, பஸ் டிரைவர்கள் உட்காரும் இடம் உயரம். ஹெட்லைட்டோ கீழே இருக்கிறது. அதனால் ரிஃப்ளெக்டரிலிருந்து திரும்பும் வெளிச்சத்தில் அவர்கள் கண்ணுக்குப் போய்ச் சேருவது கார்க்காரருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஒற்றை ஹெட்லைட் ஃபியூஸ் போன டிராக்டருக்கும், குறுக்குச் சந்திலிருந்து வருபவருக்கும் ரிஃப்ளெக்டர் பெரிதாக உதவாது. ஆகவே, "ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, விளக்கு எதற்கு?" என்று இருந்துவிடாதீர்கள். விளக்கு அணைந்துபோன நாளில் காப்பாற்ற ரிஃப்ளெக்டர், மற்ற நாளில் இரண்டும்.

10. பின் மட்கார்டில் உள்ள சிவப்பு ரிஃப்ளெக்டரைத் துடையுங்கள். சேறும் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்துவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். ஈரத் துணியால் ஒரு துடைப்பு போதும். விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் மாற்றிவிடுங்கள், விலை மிகக் குறைவு. பழைய கறுப்பு சைக்கிளில் பின் மட்கார்டின் அடிப்பகுதியில் வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கும் பாருங்கள், அது அழகுக்காக அடித்தது அல்ல. பெயிண்ட் போயிருந்தால் திரும்ப அடியுங்கள்.

11. கடையில் "ரேடியம் ஸ்டிக்கர்" என்று கேட்டால் மூன்று விதமான சரக்கு கிடைக்கும். ஒன்று, வெறுமனே பளபளக்கும் கலர் ஸ்டிக்கர். இன்னொன்று, வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் இருட்டில் கொஞ்ச நேரம் பச்சையாக ஒளிரும் ரகம். இவை இரண்டும் நமக்குப் பயன்படாது. நமக்கு வேண்டியது லாரிகளில் ஒட்டும் ரிஃப்ளெக்டிவ் டேப். வாங்கும்போதே சோதித்துப் பார்க்கலாம். டேப்பைக் கடைக்குள் நிழலான பக்கம் வைத்துவிட்டு நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்து அடியுங்கள். கண்ணைக் கூசுகிற மாதிரித் திரும்பி வந்தால் அது சரியான டேப். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் நல்ல டேப்கூட மங்கலாகத்தான் தெரியும்.

12. பழைய சி.டி.யைக் கேரியரில் கட்டித் தொங்கவிடுவது பல ஊர்களில் வழக்கம். சி.டி. சாதாரணக் கண்ணாடி மாதிரிதான், ஒளி ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் போகும். ஏதோ ஒரு கோணத்தில், ஏதோ ஒரு நொடியில் மட்டும் பளிச்சிடும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

13. நிறத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் நாட்டில் லாரிகளுக்கு முன்னால் வெள்ளை டேப், பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று மோட்டார் வாகன விதி இருக்கிறது. டிரைவர்களின் கண்ணும் மூளையும் அதற்குப் பழகியிருக்கின்றன. சைக்கிளிலும் அதே வரிசையில் ஒட்டிவிடுங்கள்.

14. ஒட்டும் முன் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். துருப்பிடித்த இடத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். வளைவில் நீளத் துண்டாக ஒட்டினால் ஓரம் கிளம்பும். ஒரு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி இடைவெளி விட்டு ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும்.

15. டேப் ஒட்ட எல்லாவற்றையும்விட நல்ல இடம் எது என்று கேட்டால், பெடலும் கணுக்காலும் என்பேன். 1973-இல் குன்னார் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகளை வைத்து நடக்கவிட்டுப் படம்பிடித்தார்கள். அசையாமல் நின்றபோது அவை வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கிய நொடியே பார்த்தவர்கள் "மனிதர்" என்று கண்டுகொண்டார்கள். மனித அசைவை அடையாளம் காண நம் கண்ணுக்கு அப்படியொரு பழக்கம். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் இதைச் சாலைக்குப் பொருத்திப் பார்த்தன. மார்பில் மட்டும் பட்டை போட்டவரைவிட, கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை போட்டவரை டிரைவர்கள் முன்கூட்டியே மனிதர் என்று அடையாளம் கண்டார்கள்.

சைக்கிளில் இதற்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. மிதிக்கும்போது கணுக்கால் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். டிம் லைட்டின் வெளிச்சம் கீழே தாழ்ந்துதான் விழும் என்பதால் கால்தான் முதலில் அதற்குள் வரும். ரோட்டோரத்தில் ஆயிரம் பொருள் மினுங்கலாம், பிளாஸ்டிக் கவர் முதல் மைல்கல் வரை. இரண்டு புள்ளிகள் மாறி மாறி ஏறி இறங்கினால் அது சைக்கிள்தான், வேறொன்றும் இல்லை.

புது சைக்கிளின் பெடலில் முன்னும் பின்னும் ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் இருக்கும். பெடல் உடைந்து மாற்றும்போது அது இல்லாத மலிவான பெடலைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பெடலின் முன், பின் விளிம்பில் டேப் ஒட்டுங்கள். கணுக்காலுக்கு, பேண்ட் செயினில் சிக்காமல் கட்டும் வெல்க்ரோ பட்டையில் டேப்பைத் தைத்துக்கொள்ளலாம். இரண்டு வேலை ஒன்றாக முடியும். செருப்பின் குதிகால் பக்கம் ஒரு துண்டு ஒட்டினாலும் போதும்.

16. பக்கவாட்டில் தெரிய, சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் மாட்டும் ரிஃப்ளெக்டர், அல்லது கம்பியில் குழாய் போலச் சொருகும் வெள்ளிப் பட்டை. நாலு ரோடு சந்திப்பிலும் ரவுண்டானாவிலும் இது உதவும்.

17. உடை வெளிர் நிறமாக இருக்கட்டும். வெள்ளை வேட்டியோ வெளிர் மஞ்சள் சட்டையோ கறுப்பைவிட எத்தனையோ மேல். ஆனால் வெள்ளைச் சட்டையை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதுவும் அதிகமாய்ப் போனால் ஐம்பது அறுபது மீட்டரில்தான் தெரியும். நல்ல ரிஃப்ளெக்டிவ் பட்டை நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். பளீரென்ற நியான் பச்சை, ஆரஞ்சு நிறங்கள் பகலுக்கு மிகவும் நல்லவை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அவை அப்படி ஒளிர்கின்றன. ராத்திரி ஹெட்லைட்டில் அந்தச் சக்தி கிடையாது, அப்போது அவை சாதாரண வெளிர் நிறத் துணிதான்.

18. கட்டட வேலைக்காரர்கள் போடும் வெள்ளிப் பட்டை வைத்த வெஸ்ட் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதை அடித்துத் துவைக்காதீர்கள், பிரஷ் போடாதீர்கள், பட்டையின் மேல் இஸ்திரி பெட்டியும் வைக்காதீர்கள். கண்ணாடி மணிகள் உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது சாம்பல் நிறத் துணி. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

19. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டிருப்பவர்கள் கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டையோடு விடியற்காலையில் கோயிலுக்குச் சைக்கிளில் போவது உண்டு. விரத உடையை மாற்ற வேண்டியதில்லை. தோளில் குறுக்காக ஒரு பட்டை, காலில் ஒரு பட்டை போதும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களின் முதுகிலும் பையிலும் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்களே, அதே முறைதான்.

20. பையை முதுகில் மாட்டினால் வெஸ்ட்டின் பட்டை முழுக்க மறைந்துவிடும். பட்டையைப் பையின் பின்பக்கத்தில் தைத்துவிடுங்கள். சுமை ஏற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். புல்லுக்கட்டு, பால் கேன், பூக்கூடை, பிளாஸ்டிக் குடம், சிலிண்டர் எதுவானாலும் விளக்கு சுமைக்குப் பின்னால் வர வேண்டும். கிளிப் வைத்த விளக்காக இருந்தால் சுமையிலேயே மாட்டிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கேன் தொங்கினால் இரண்டின் வெளி விளிம்பிலும் டேப் ஒட்டுங்கள். இல்லையென்றால், முந்துகிறவர் சைக்கிளின் அகலத்தை மட்டும் கணக்கிட்டு உரசிக்கொண்டு போவார். மூங்கில், பி.வி.சி. பைப் கொண்டுபோனால் பகலில் நுனியில் சிவப்புத் துணி கட்டுவோம். இரவில் துணி தெரியாது, சிவப்பு விளக்கைக் கட்டுங்கள்.

21. இருட்டிய பிறகு விளக்கு போடலாம் என்று காத்திருக்காதீர்கள். நவம்பரில் சென்னையில் மாலை 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. பள்ளி, அலுவலகம் விடும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் அதோடு சேர்ந்துகொள்ளும். முன் கண்ணாடியில் விழும் ஒவ்வொரு துளியும் எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ரோட்டில் தேங்கிய தண்ணீரிலும் விளக்குகள் பிரதிபலிக்கும். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் நம் சின்ன விளக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும் டிரைவர். மழைக்கோட்டு வாங்கினால் மஞ்சளாக வாங்குங்கள். இருப்பது கருநீலம் என்றால் முதுகிலும் கைகளிலும் டேப் ஒட்டுங்கள். மார்கழிப் பனியில் பால் எடுக்கப் போகிறவர்கள் முன், பின் விளக்கு இரண்டையும் விடிந்து நன்றாக வெளுக்கும்வரை அணைக்க வேண்டாம்.

22. எந்தப் பக்கம் ஓட்டுகிறோம் என்பதும் கண்ணில் படுவதில் சேர்த்தி. நான்கு வழிச்சாலை வந்த பிறகு, யு டர்ன் எடுக்க வெகுதூரம் போக வேண்டுமே என்று பலரும் எதிர்த்திசையில் ஓரமாகவே வந்துவிடுகிறார்கள். பகலிலேயே தவறு, இரவில் உயிருக்கு ஆபத்து. மூன்று காரணங்கள் சொல்கிறேன். முதலாவது வேகம்: நீங்கள் 15 கி.மீ. வேகத்திலும் கார் 60 கி.மீ. வேகத்திலும் போனால், ஒரே திசையில் கார் உங்களை 45 கி.மீ. வேகத்தில்தான் நெருங்கும். எதிர்த்திசையில் 75. டிரைவருக்குக் கிடைக்கும் நேரம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும், ஏனென்றால் நீங்களும் அவரை நோக்கி வருகிறீர்கள், விலகிப் போகவில்லை. இரண்டாவது, உங்கள் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவது, முந்துவதற்காகவோ திரும்புவதற்காகவோ வருபவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிளை எதிர்பார்க்கவே மாட்டார்கள். சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால், சைக்கிளைத் தாருக்கு வெளியே இறக்கி உருட்டிக்கொண்டு வாருங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

சரியான திசையில் இடதுபுறம் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊர் கார்களின் டிம் லைட், எதிரே வருபவர் கண் கூசாதபடி வலப்பக்கம் தாழ்ந்தும், இடது ஓரத்தில் கொஞ்சம் நீண்டும் விழும்படி அமைத்தது. அந்த நீண்ட வெளிச்சம் சரியாகப் போகும் சைக்கிளின் மேல்தான் விழும்.

23. ஆனால் புதரை ஒட்டி, மண்ணும் தாரும் சேரும் விளிம்பிலேயே ஓட்டாதீர்கள். செடி மறைக்கும், நின்றிருக்கும் வண்டி மறைக்கும். சுற்றிக்கொண்டு வெளியே வரும்போது திடீரென்று முளைத்தது போல் இருக்கும். விளிம்பிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, கோணல்மாணல் இல்லாமல் ஒரே நேராகப் போங்கள்.

24. எதிரே பிரைட் லைட் போட்டு ஒரு வண்டி வருகிறது, உங்களுக்குப் பின்னாலும் ஒரு வண்டி வருகிறது. இந்த நேரம்தான் மிக மோசமானது. பின்னால் வருபவர் கண்ணில் எதிர் வெளிச்சம் நேராக அடிக்கும். அந்த வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நீங்கள் அவருக்கு மறைந்தே போவீர்கள். வயதான டிரைவர் என்றால் கண் தெளிய இன்னும் நேரம் பிடிக்கும். பின்னால் சத்தமும் முன்னால் வெளிச்சமும் ஒரே நேரத்தில் நெருங்கினால் யோசிக்காமல் வேகத்தைக் குறைத்து, முடிந்தால் தாரை விட்டு இறங்கிவிடுங்கள். இரண்டும் கடந்த பிறகு ஏறுங்கள். பத்து நொடி விஷயம்.

25. பஞ்சர், செயின் கழன்றது, போன் வந்தது என்று நிற்க வேண்டியிருந்தால் ரோட்டை விட்டு முழுக்க இறங்கி நில்லுங்கள். விளக்கை அணைக்காதீர்கள். குனிந்து செயின் மாட்டும்போது உடம்பால் பின் விளக்கை மறைக்காமல், சைக்கிளின் பக்கவாட்டில் உட்காருங்கள். விளக்கில்லாமல் நிற்கும் லாரிக்குப் பின்னால் ஒருபோதும் நிற்க வேண்டாம்.

26. திரும்பும்போது கை காட்டினால் இருட்டில் யாருக்குத் தெரியும்? மணிக்கட்டில் ஒரு ரிஃப்ளெக்டிவ் பட்டை கட்டினால் தெரியும். பெல்லை நம்பாதீர்கள், கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேட்காது.

27. பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்கள்தான் பொறுப்பு. பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே பின் விளக்கும் டேப்பும் போட்டுக் கொடுங்கள். "ஜாக்கிரதையாகப் போ" என்பதைவிட, ஒரு முறை கண்ணால் பார்க்க வைப்பது மேல். இருட்டியதும் பைக்கை ரோட்டோரம் நிறுத்தி டிம் லைட் போட்டு, பிள்ளையை அதன் பக்கத்தில் நிற்க வையுங்கள். டேப் ஒட்டிய சைக்கிளிலும் ஒட்டாத சைக்கிளிலும் இரண்டு பேர் ஐம்பது, நூறு அடி தள்ளிப் போகட்டும். எந்த இடத்தில் ஒன்று காணாமல் போகிறது, மற்றது எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பிள்ளையே பார்த்துவிட்டால், அப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

28. தனியாகச் சோதிக்க ஒரு சுலப வழி: சைக்கிளை இருட்டில் நிறுத்தி, இருபது அடி தள்ளி நின்று செல்போனில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். பின்னால், முன்னால், இரண்டு பக்கம் என்று நாலு படம். ஃபிளாஷும் லென்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், டிரைவர் கண்ணுக்கு எது மினுங்குமோ அது படத்திலும் மினுங்கும். எந்தப் படம் இருட்டாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு டேப் வேண்டும்.

29. கார், பைக் ஓட்டுபவர்களுக்கும் ஒன்று. முன் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள், ஹெட்லைட்டையும் துடையுங்கள். எதிரே வண்டி வந்தால் டிம் செய்யுங்கள். ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். 60-இலிருந்து 40-க்கு இறங்கினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சைக்கிள்காரர் எத்தனை பட்டை ஒட்டினாலும் ஈடாகாத ஒன்று அது.

30. கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவர், பேப்பர் போடுபவர், வாட்ச்மேன் ஆகியோரின் சைக்கிளைப் பின்பக்கம் ஒரு முறை பாருங்கள். விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லையென்றால் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு முழம் டேப்பும் வாங்கி, அவரிடம் கேட்டுவிட்டு நீங்களே ஒட்டிக் கொடுங்கள். சைக்கிள் கடை வைத்திருப்பவர்கள், பஞ்சர் ஒட்ட வரும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் ஒரு விரல் அகலம் சிவப்பு டேப் ஒட்டி அனுப்புங்கள். அடுத்த பொங்கலுக்கு இனாம் கொடுக்கும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள்.